ஏழாம் வரியில் பிழை

ஒன்பது மணி வகுப்புக்கு
ஒன்பது இருபதுக்குத்தான் ஆள் சேரும்.
கொளத்தூரில், என் அடுப்பு மேடைமேல் மடிக்கணினி,
அதன் அடியில் இரண்டு இட்லித் தட்டு
முகம் நேராகத் தெரிவதற்கு.
குக்கரைப் பத்தரைக்கு ஒத்திப்போட்டாயிற்று.

கறுப்புச் சதுரங்களில் பெயர்கள்.
கஜபதி லிஃப்ட்; அப்படித்தான் பதிந்திருக்கிறார்.
மெகருன்னிசா.
ஸ்டெல்லா புஷ்பம் வார்டு நாலு.
பத்ரிநாராயணன் பி.காம்.
அப்புறம் ரெட்மி நோட் என்றொருவர்,
மூன்று வாரமாக வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் ஆறு நிமிடம்
புகைபோக்கி விசிறிக்கு மட்டும் மாறிகள் நடத்தினேன்.
மியூட்ல இருக்கீங்க மிஸ் என்று எழுதிக் காட்டினார்
என்னைவிடப் பத்தொன்பது வயது மூத்தவர்.
அதிலிருந்து, தொடங்கும்போதெல்லாம்
கேக்குதா, கேக்குதா.

இன்றைக்குப் பட்டியல்.
முதல் பொருளின் எண் ஒன்று அல்ல, பூஜ்யம்
என்றதும் கிளம்பியது தகராறு.
சீட்டுக் கம்பெனியில் இருபது வருடம்
கணக்கெழுதிய பத்ரிக்கு மனசு ஒப்பவில்லை:
"இல்லாததுக்கு எதுக்கு மிஸ் நம்பர்?"
நான் தொண்டையைச் செருமுவதற்குள்
மைக்கைப் போட்டார் கஜபதி,
அண்ணா சாலைக் கட்டடம் ஒன்றின்
பதினோரு மாடிக்கும் பாதி வாழ்க்கையை
ஏற்றி இறக்கியவர்:
"தரைக்கு இன்னா பட்டன் சார் அமுக்குவீங்க?
ஜீரோ.
எல்லாரும் அங்கதான ஏறுறாங்க."

ராத்திரி விழித்துத் தயாரித்த ஒன்பது படங்களை
காட்டாமலே மூடினேன்.

ஸ்டெல்லாவுக்குப் போன வியாழன்
சுழற்சியைத் தொடங்கத் தெரிந்தது,
நிறுத்தத் தெரியவில்லை.
அதற்குள் வார்டில் மணி.
மூன்று பாட்டில் மாற்றி, ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்து,
ஒரு மகனுக்குப் போன் போட்டு,
காலை ஆறு மணிக்கு வந்தால்
நர்ஸ் அறை மேஜையில் அது இன்னும்
எண்ணிக்கொண்டிருக்கிறது, கோடியைத் தாண்டி.
திரையைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள்:
"பாவம் மிஸ், இதுக்கும் நைட் டூட்டி."

மெகருன்னிசா பெரியமேட்டில்
தோல் மண்டிக்கு பில் போடுகிறவள்.
எதற்கும் முதலில் சாரி மிஸ்,
வந்ததற்கும் சாரி, இருமியதற்கும் சாரி.
அவள் திரையைப் பகிர்ந்து ஓட்டியதும்
சிவப்பில் வந்து நின்றது:
ஏழாம் வரி, முக்காற்புள்ளி இல்லை.
சாரிக்காகக் காத்திருந்தேன்.
வரவில்லை.

"மிஸ், இது எந்த வரின்னு சொல்லுதே."
ஆமா.
"என்ன கொறைன்னும் சொல்லுது."
ஆமா.
"எங்க மொதலாளி பதினாலு வருசமா
தப்பு தப்புன்னு மட்டுந்தான் சொல்றாரு."

யாரும் பேசவில்லை.
யாருடைய வீட்டிலோ மின்விசிறி கிறீச்சிட்டது.
அவள் ஏழாம் வரிக்குப் போய்
இரண்டு புள்ளியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள்,
மெதுவாக, பொட்டு வைப்பதைப்போல.

சில நேரம் அது ஏழு என்று காட்டும்,
தப்பு ஆறில் கிடக்கும்.
இயந்திரமும் அடுத்தவன் தலையில் பழியைப் போடும்.
அது அடுத்த வாரப் பாடம்.
இன்றிரவு நான் சொல்லவில்லை.

பத்து நாற்பது. சதுரங்கள் அணைந்தன,
நன்றி மிஸ், குட்நைட் மிஸ், சாரி மிஸ்.
ரெட்மி நோட் மட்டும் போகவில்லை.
சந்தேகம் ஏதாவது? என்றேன்.
மைக் திறந்தது.
கடையின் ஷட்டரை இழுத்து இறக்கும் சத்தம்,
பூட்டு, ஒரு பைக் கிளம்பாமல் கிளம்பாமல் கிளம்பியது.
மைக் மூடியது.
பிறகு கீழே ஓர் எண் வந்து விழுந்தது:
0

சந்தேகம் எதுவும் இல்லை என்றா,
தரையில்தான் நிற்கிறேன், ஏற்றிக்கொள் என்றா?
கேட்போம் என்று விரலை வைப்பதற்குள்
கொளத்தூரில் கரண்ட் போய்விட்டது.

திரை வெளிச்சத்தில்
இட்லித் தட்டை உருவினேன்.